200 வாட்டும் ஒரு ஒலிபெருக்கியும்: மெட்ராஸ் ரேடியோவின் கதை

ஹாம் ரேடியோ ஆளுங்ககிட்ட பேசினா கண்டிப்பா ஒரு கேள்வி வரும்: "உன் ஆன்டெனா எத்தனை வாட் தாங்கும்?" இன்னைக்கு அந்தக் கேள்வியை நம்ம ஊர் வரலாற்றுல போட்டுப் பார்க்கலாம்.

1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பமாச்சு. ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் தொடங்கியது. இவங்க அரசாங்கமும் இல்ல, கம்பெனியும் இல்ல, ஆர்வத்துல கூடினவங்க. டிரான்ஸ்மிட்டர் வெறும் 40 வாட், அதாவது ஒரு பழைய குண்டு பல்பு அளவு. பிறகு அதை 200 வாட்டா உயர்த்தினாங்க.

5 மடங்கு பவர்னா 5 மடங்கு தூரம் கேட்கும்னு தோணும். அப்படி இல்லை. ஒரு இடத்துல கிடைக்கிற சிக்னலின் வலிமை, பவரின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் ஏறும். 5-க்கு வர்க்கமூலம் சுமார் 2.24. ஆன்டெனாவில் ஓடுற கரன்ட்டும் அதே 2.24 மடங்குதான் ஏறும். ஆனா கம்பியிலும் காயிலிலும் உண்டாகும் சூடு முழுசா 5 மடங்கு ஆகிடும்.

அப்போ எது முதல்ல போகும்? பெரும்பாலும் கம்பி இல்லை. இன்னைக்கு இந்தியாவில் ஜெனரல் கிரேடு ஹாம் லைசென்ஸுக்கு உச்சம் 400 வாட். அதை ஒரு அரை அலை டைபோலில் கொடுத்தா நடுவுல ஓடுறது சுமார் 2.3 ஆம்பியர். சாதாரண செம்புக் கம்பி அதைத் தாராளமா தாங்கும். சூடாகிப் போறது பாலன், கனெக்டர் மாதிரி சமாசாரங்கள். முனைகளில் வோல்டேஜ் அதிகம் என்பதால் இன்சுலேட்டரும் அடி வாங்கும். எங்க வட சென்னை உப்புக் காத்துல அதுமேல ஒரு படலம் படிஞ்சா கசிவு இன்னும் சீக்கிரம் ஆரம்பிக்கும்.

ஆன்டெனா குட்டையா இருந்தா நிலைமை மோசம். 1920-களின் ஒலிபரப்பு அலைநீளம் சில நூறு மீட்டர். அதுக்கு ஏத்த உயரத்துல கம்பி கட்ட ஊருக்குள்ள எங்க இடம்? குட்டைக் கம்பியில் கொடுக்கிற பவரில் பெரும்பகுதி காயிலிலும் மண்ணிலும் சூடாகவே போயிடும். எங்க புளியந்தோப்பு மாதிரி நெருக்கமான இடத்துல மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டுறவங்களுக்கு இதே தலைவலி இன்னைக்கும் உண்டு.

சரி, கிளப் ஏன் மூடப்பட்டது? 1927 அக்டோபரில் அது நின்னுபோச்சு. காரணம் ஆன்டெனா இல்லை, பணம். அதே வருஷம் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1,500 வாட் நிலையங்களைத் திறந்தது. நம்ம கிளப்பை விட ஏழரை மடங்கு பவர். 1930-ல் அதுவும் திவால். ரேடியோ வாங்கி, வருஷத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸும் கட்டக்கூடிய ஆட்கள் போதுமான அளவுக்கு இல்லை. அனுப்புற பக்கம் எத்தனை வாட் ஏத்தினாலும், கேட்கிற பக்கம் பெட்டி இல்லைனா சிக்னல் சும்மா காத்துல போகும். சர்வரை மட்டும் அப்கிரேட் பண்ணிட்டு, யூசர்கிட்ட ஃபோன் இருக்கான்னு பார்க்காத கதை.

கிளப்பின் டிரான்ஸ்மிட்டர் மெட்ராஸ் மாநகராட்சிக்குப் போச்சு. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. அவங்க கைவச்சது கேட்கிற பக்கத்துல. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வச்சாங்க, மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் ரேடியோ போச்சு. சொந்தமா ரேடியோ வாங்குறதை நினைச்சுக்கூடப் பார்க்க முடியாத குடும்பமும் சாயங்காலம் பீச்சுல உட்கார்ந்து சும்மாவே கச்சேரி கேட்கலாம். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலி மெட்ராஸில் வரும்வரைக்கும் இந்த ஏற்பாடு ஓடுச்சு.

1,500 வாட் கம்பெனி மூணு வருஷம்கூட தாக்குப்பிடிக்கல. ஒரு கிளப் விட்டுட்டுப் போன சின்ன டிரான்ஸ்மிட்டரில் தொடங்கின சேவை எட்டு வருஷம் நடந்தது. அடுத்த முறை யாராவது "எத்தனை வாட் தாங்கும்?"னு கேட்டா பதில் சொல்லுங்க. அப்படியே "எத்தனை பேருக்குக் கேட்கும்?"னு திருப்பிக் கேளுங்க.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட பார்க் ரேடியோ ஞாபகம் ஏதாவது இருந்தா ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!