தாய்மார் இட்ட பெயர்: குவாசியோக்கர் நோயின் வரலாறு

வறிய நாடுகளிற் குழந்தைகளை வருத்தும் போசணைக் குறைபாட்டுக்கு உணவின்மை ஒன்றே காரணம் என்பது பொதுவான எண்ணமாகும். இவ்வெண்ணம் முழுமையானதன்று என்பதை மேற்கு ஆபிரிக்காவில் அறியப்பட்ட ஒரு நோயின் வரலாறு உணர்த்துகின்றது.

இன்று கானா என வழங்கும் நாடு ஆங்கிலேயர் ஆட்சியிற் பொற்கரை எனப் பெயர் பெற்றிருந்தது. யமேக்காவிற் பிறந்து ஒக்ஸ்போட்டிற் பயின்ற சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் 1929ஆம் ஆண்டில் அங்குப் பணியேற்றார். ஒன்று முதல் நான்கு வயது வரையான குழந்தைகள் பலர் கைகால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் செம்பட்டையாகி மாள்வதை அவர் கண்டார். பட்டினியுற்றோர் மெலிவது இயல்பு. இக்குழந்தைகளோ வீக்கத்தாற் பருத்தோர்போலத் தோன்றினர்.

நோயின் பெயரைத் தாய்மாரே கூறினர். அவர்தம் கா மொழியில் அது 'குவாசியோக்கர்' எனப்பட்டது. அடுத்த மகவு பிறக்க, முன்னைய மகவைப் பற்றும் நோய் என்பது அதன் கருத்தாகும். தாய்ப்பாலை இழந்த குழந்தைக்குக் கிடைத்தது சோளக்கூழே. வயிறு நிரம்பிற்று, உடலை வளர்க்கும் புரதமோ போதவில்லை. இக்கருத்தை வில்லியம்ஸ் 1933இல் ஆய்வுரையாக வெளியிட்டார். இது முன்னரே அறியப்பட்ட பெலாக்கிரா நோயே எனச் சிலர் மறுத்தனர். அவர் தளர்ந்தாரல்லர், 1935இல் 'லான்செற்' இதழில் எழுதிய கட்டுரைக்குத் தாய்மார் இட்ட பெயரையே தலைப்பாக்கினார்.

1950களில் ஐக்கிய நாடுகளின் நிறுவனங்கள் இந்நோயைப் பெரும் பிரச்சினையாக ஏற்றன. ஆயினும், புரதமே மருந்து என்னும் கொள்கை ஓங்கியது. புரத உணவுகளை ஆக்குவதிற் பெருமுயற்சி செலவாயிற்று. 1974இல் டொனால்ட் மக்லாரன் அதே இதழில் இம்முயற்சியைப் பெருந்தோல்வி எனக் கண்டித்தார். உணவின் மொத்தக் குறைவும், வயிற்றோட்டம், சின்னமுத்து முதலிய தொற்றுகளும் மீண்டுங் கவனிக்கப்பட்டன. நோயுற்ற குழந்தை உண்ணாது; உண்ணாத குழந்தையை நோய் எளிதிற் பற்றும். மலாவி நாட்டு இரட்டைக் குழந்தைகளைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வு, ஒரே உணவை உண்ட இருவருள் ஒருவரை மட்டும் இந்நோய் பற்றுவதில் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு எனக் காட்டியது.

விளைவோ சாவுடன் முடிவதன்று. பிழைத்தோருட் பலர் வளர்ச்சி குன்றுவர். கல்வியும் உழைக்கும் வலிமையும் பாதிப்புறும். வளர்ச்சி குன்றிய பெண் தாயாகுங்கால் நிறை குறைந்த மகவைப் பெறவுங்கூடும்.

தாய்மார் இட்ட பெயரில் உணவைப் பற்றிய சொல்லே இல்லை. பிள்ளைப்பேற்றின் இடைவெளியையும், பால்மறக்குங் காலத்தையும், தாயின் சுமையையுமே அது சுட்டிற்று. ஆய்வுகூடம் பின்னர் கண்டவற்றால் அப்பெயர் பொய்யாகவில்லை. குழந்தையின் நோயைத் தீர்க்க முனைவோர் முதலில் தாயின் சொல்லைக் கேட்டல் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.