எந்த உடலுக்கு எந்தத் தோட்டா?

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் கிடக்கிற எங்கள் புதுச்சத்திரத்திலும் இது நடக்கும். உறையில் போட்ட துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் வந்தால் டீக்கடைப் பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்க்கும். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்துபோகும். தெரியட்டும் என்றுதானே வைத்திருப்பதே. கிழக்கே தெரிகிற கொல்லிமலையில் காட்டுப்பன்றிக்குப் பயந்து நாட்டுத்துப்பாக்கி வைத்திருக்கிற மலையாளி, லைசென்ஸ் இல்லையென்றால், அதை மறைத்துத்தான் வைக்க வேண்டும். மாட்டினால் வழக்கு. காட்டுவதற்கென்று ஒரு துப்பாக்கி, மறைப்பதற்கென்று ஒரு துப்பாக்கி. இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கப்போய் எழுதியது இது.

இடுப்பில் மறைகிற மாதிரி எவ்வளவு சின்னக் கைத்துப்பாக்கி, அதற்கு என்ன விட்டமுள்ள தோட்டா என்பதை வெறும் தொழில்நுட்ப விவகாரமாகத்தான் பேசுகிறார்கள். சின்னதாக இருந்தால் மறைக்கலாம், கை உதறாது, ஆனால் எதிராளி விழமாட்டான். பெரியதாக இருந்தால் விழுவான், ஆனால் சட்டைக்கு மேல் துருத்தும். கணக்கு தப்பில்லை. ஆனால் இந்தக் கணக்கில் 'எதிராளி' என்று ஒரு உடல் இருக்கிறதே, அது யாருடையது? இதைக் கேட்டவுடன் தொழில்நுட்பம் அரசியலாகிவிடுகிறது.

'விழவைக்கும் திறன்' என்ற கருத்து காலனியப் போர்க்களங்களில் வளர்ந்தது. 1895இல் சித்ரால் படையெடுப்பின்போது .303 ரவை எல்லைப்புறப் பழங்குடிகளைத் துளைத்துப் போகிறதே தவிர நிறுத்துவதில்லை என்று பிரிட்டிஷ் படையினர் புலம்பினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையில், உடம்புக்குள் போனதும் விரிந்து கிழிக்கிற ரவை தயாரானது. 1899இல் ஹேக் மாநாடு இவ்வகை ரவையைத் தடைசெய்ய முனைந்தபோது பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஆர்டா அதை எதிர்த்தார். நாகரிகமடைந்த சிப்பாய் அடிபட்டால் நின்றுவிடுவான், காட்டுமிராண்டி நிற்கமாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம். பிலிப்பைன்ஸில் மோரோ மக்களை ஒடுக்கப்போன அமெரிக்கர்களும் தங்கள் .38 ரிவால்வர் போதவில்லை என்றார்கள். 1904இல் சிகாகோவில் உயிருள்ள மாடுகளையும் மனிதப் பிணங்களையும் சுட்டுப் பார்த்து, .45க்குக் குறையக் கூடாது என்று தாம்ஸன், லகார்டு என்ற இரு அதிகாரிகள் முடிவு சொன்னார்கள். அந்த வழியில்தான் 1911 மார்ச்சில் .45 பிஸ்டல் அமெரிக்க ராணுவத்துக்குள் வந்தது. பெரிய தோட்டா என்பது அடங்க மறுத்த உடலைப் பற்றி ஆண்டவன் கொண்ட பயத்தின் அளவு.

ஆளப்பட்டவன் பக்கம் கணக்கு வேறு. அவனுக்கு முதலில் வேண்டியது மறைவு. ரிவால்வரின் உருளை இடுப்பில் புடைக்கும். ஜான் பிரவுனிங் வடிவமைத்து பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் ஆலையில் செய்யப்பட்ட பிஸ்டல் தட்டையானது, தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடங்கிவிடும். 1900ஆம் ஆண்டு மாதிரியில் 7.65 மில்லிமீட்டர் தோட்டா ஏழு. இதைத்தான் நாம் .32 என்கிறோம். அளவான உதைப்பு, பயிற்சி குறைந்த கைக்கும் ஒத்துப்போகும். எதிராளியின் பக்கத்தில் போய் நின்று சுடப்போகிறவனுக்கு அது போதும். 1909இல் சாவர்க்கர் லண்டனிலிருந்து சதுர்புஜ் அமீன் மூலம் இருபது பிரவுனிங்குகளை அனுப்பினார். அந்த ஆண்டு டிசம்பர் 21இல் நாசிக் கலெக்டர் ஜாக்ஸன் கொல்லப்பட்டார். 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையிலும் ஒரு பிரவுனிங். வாஞ்சிக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தவர் வ.வே.சு. ஐயர் என்பது பலரும் எழுதியது. சொல்லிக்கொடுத்த இடம் பிரெஞ்சுப் புதுச்சேரி. பிரிட்டிஷ் ஆயுதச் சட்டத்தின் கை அங்கே நீளவில்லை.

இங்கே நாம் நின்று பேச வேண்டும். வாஞ்சியின் பையிலிருந்த கடிதம் ஏகாதிபத்தியத்தை எதிர்த்த அதே மூச்சில் சனாதனத்தையும் காக்கக் கிளம்பியது. மாட்டுக்கறி தின்னும் மிலேச்சன் என்று மன்னனை இழிவுசெய்தது. அந்த வசவு எங்கே போய் விழுகிறது என்பதைத் தலித் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மறைத்து வைக்கப்பட்ட ஆயுதம் எல்லாம் ஒடுக்கப்பட்டவனின் ஆயுதம் என்று கொண்டாடிவிட முடியாது. மறைவு ஒரு நிலைமை, அவ்வளவுதான். அது அறம் ஆகிவிடாது.

சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆயுதப் பறிப்பு 1878இல் தொடங்கவில்லை. பாளையக்காரர் போர் முடிந்த 1801 டிசம்பரில் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் கோட்டைகளோடு ஆயுதங்களையும் கேட்டது. லிட்டன் காலத்து 1878 சட்டம் அதை இந்தியா முழுக்க லைசென்ஸ் முறையாக்கியது. வெள்ளையருக்கு விலக்கு, நமக்கு விண்ணப்பம். காங்கிரஸ் 1931இல் கராச்சியில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை, ஒழுங்குமுறைக்கு உட்பட்டு, அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதை அரசியல் நிர்ணய சபையில் திருத்தமாகக் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. இப்படி உரிமை கொடுத்தால் திருடனுக்கும் அதை மறுக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. என் வாசிப்பு இது: சாதி கட்டிய கிராமத்தில் 'எல்லோருக்கும் ஆயுதம்' என்றால் நிலம் உள்ளவன் கைக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும்.

1959 ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் பழைய கணக்கை வேறு எண்களில் எழுதின. போலீசும் ராணுவமும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் முதலானவை தடைசெய்யப்பட்ட கேலிபர்கள். குடிமகனுக்கு .32. இடுப்புத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு வாங்குபவன் வாயைத் திறக்கும் முன்பே அரசு பதில் சொல்லிவிட்டது: உன்னுடையது எப்போதும் என்னுடையதை விடச் சின்னதாக இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் பகத்சிங்கிடம் இருந்த கோல்ட் பிஸ்டலும், அலகாபாத் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட ஆசாதின் கோல்ட்டும் இதே .32தான். ஒரு காலத்தில் ராஜத்துரோகியின் அளவு, பிறகு கலெக்டர் கையெழுத்துப் போட்டுத் தருகிற அளவு.

2014இல் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டெல்லியில் வன்புணரப்பட்டுச் செத்துப்போன பெண்ணுக்கு ஊடகம் வைத்த 'நிர்பயா' என்ற பெயரை ஒட்டிய பெயர். எடை 500 கிராம், கைப்பைக்குள் அடங்கும். அப்போது விலை 1,22,360 ரூபாய். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற பெண்ணுக்கு, ராத்திரி ஷிப்டு முடிந்து மில் வேனில் திரும்புகிற பெண்ணுக்கு இந்த விலை என்ன சொல்கிறது? பயப்படும் உரிமைகூட வசதி உள்ளவளுக்குத்தான் என்கிறது.

ஆனால் சட்டத்துக்குள் ஒரு இடத்தில் இந்தக் கணக்கு தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. அதை நம்மில் பலர் வாசிப்பதே இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 3ஆவது விதி. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அரசு அடையாளம் கண்ட இடத்தில் தலித்தும் பழங்குடியும் அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸை ரத்துசெய்து ஆயுதத்தை அரசுக் கிடங்கில் வாங்கி வைக்கலாம். தேவைப்பட்டால் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் பாதுகாப்புக்காக லைசென்ஸ் வழங்கலாம். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டு இருபத்தேழு வருஷம் கழித்து வந்த விதி இது. இந்தியச் சட்டத்தில் ஆயுதம் யாருக்கு என்று கேட்டு, சாதியைப் பெயர்சொல்லி, ஒடுக்கப்பட்டவன் பக்கம் சாய்ந்து எழுதிய வரிகள் வேறெங்கே உண்டு?

துப்பாக்கி எடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. .32 ஒன்று இடுப்பில் இருந்தால் சேரி பத்திரமாகிவிடும் என்பது சினிமா. தனியொருவனின் இடுப்பு, கூட்டமாக வருகிற சாதிக்கு முன்னால் என்ன செய்துவிடும்? அந்த விதியின் இரண்டு பாதியில் எனக்கு முக்கியமாகப் படுவது முதல் பாதி, அதாவது பறிப்பது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்ல முடிகிறது அரசுக்கு. ஓட்டுப்பெட்டிக்குக் கொடுக்கிற பாதுகாப்பைக் காலனிக்கு ஏன் கொடுக்க முடியாது? 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரிடமும் இரண்டு எண்களைக் கேட்கலாம்: 3ஆவது விதியின்கீழ் ரத்தான லைசென்ஸ் எத்தனை, வழங்கிய லைசென்ஸ் எத்தனை? நாமக்கல்லுக்கான விண்ணப்பத்தை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்ற மாவட்டங்களிலிருக்கும் தோழர்களும் எழுதினால் இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதியைச் சேர்ந்தே எழுதலாம்.