தொடக்கக் கோப்புகள் இரண்டான வரலாறு

பயனர் தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி இயங்குதளத்தைக் கொண்டு நிறைவேற்றித் தரும் நிரல் ஷெல் எனப்படும். அது தொடங்கும்போதே பயனரின் விருப்பங்களைப் படித்து ஏற்றுக்கொள்ளும் கோப்பு தொடக்கக் கோப்பாகும். 1960களில் எம்ஐடியில் இயங்கிய சிடிஎஸ்எஸ் என்னும் காலப்பகிர்வு அமைப்புக்காக, கோப்பில் எழுதிவைத்த கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும் ‘ரன்காம்’ என்ற நிரலை லூயி பூசான் எழுதினார். பல தொடக்கக் கோப்புகளின் பெயர் இன்றும் ‘ஆர்சி’ என முடிவது அதன் எச்சமே.

1979இல் பெல் ஆய்வகம் வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில், ஸ்டீவன் போர்ன் எழுதிய ஷெல், ‘.புரொஃபைல்’ என்ற ஒரே கோப்பை உள்நுழையும்போது மட்டும் படித்தது. உள்நுழைவை நடத்தும் நிரல் ஷெல்லின் பெயருக்கு முன்னால் ஒரு சிறுகோட்டைச் சேர்த்து அதை இயக்கியதால், தான் உள்நுழைவு ஷெல் என்பதை அது அறிந்துகொண்டது. எளிமையும் நுட்பமும் கூடிய இந்த ஏற்பாடு இன்றும் வழக்கில் உள்ளது. அந்த ஷெல்லில் பயனர் அமைத்துக்கொள்ளக் கூடியவற்றுள் முதன்மையானவை சூழல் மாறிகள், அதாவது ஒரு நிரலிலிருந்து அது தொடங்கும் பிற நிரல்களுக்குத் தாமாகவே சென்றுசேரும் மதிப்புகள் என்பதால், ஒருமுறை படிப்பதே போதுமானதாக இருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் பெர்க்லியில் பில் ஜாய் உருவாக்கிய சி ஷெல், நீண்ட கட்டளைக்குச் சுருக்கமாக நிற்கும் மாற்றுப்பெயர்களைக் கொண்டுவந்தது. மாற்றுப்பெயர் ஷெல்லின் நினைவகத்துக்குள்ளேயே தங்கிவிடுவதாலும், அடுத்துத் தொடங்கும் ஷெல்லுக்கு அது செல்லாததாலும், ஒவ்வொரு ஷெல்லும் அதைப் புதிதாகப் படித்தாக வேண்டும். ஆகவே எப்போதும் படிக்கப்படும் ‘.சிஎஸ்எச்ஆர்சி’, உள்நுழைவில் மட்டும் அதற்குப் பின் படிக்கப்படும் ‘.லாகின்’ எனக் கோப்பு இரண்டாயிற்று. தேவையிலிருந்து பிறந்த இப்பிரிவினை முற்றிலும் நியாயமானது.

குழப்பம் 1989இல் பிரையன் ஃபாக்ஸ் குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக வெளியிட்ட பாஷ் ஷெல்லோடு வந்தது. உள்நுழைவு ஷெல்லாக இயங்கும்போது ‘.பாஷ்_புரொஃபைல்’, ‘.பாஷ்_லாகின்’, ‘.புரொஃபைல்’ ஆகியவற்றுள் முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும் பாஷ், ‘.பாஷ்ஆர்சி’யைத் தானாகத் தொடுவதில்லை. உள்நுழைவு அல்லாத, ஆனால் பயனரிடம் நேரடியாகக் கட்டளை வாங்கும் ஊடாட்ட ஷெல்லோ ‘.பாஷ்ஆர்சி’யை மட்டுமே படிக்கிறது. லினக்ஸின் சாளரச் சூழல்களில் கட்டளை தட்டச்சு செய்யும் முனையம் பெரும்பாலும் உள்நுழைவு அல்லாத ஷெல்லையும், மேக் கணினியின் முனையம் உள்நுழைவு ஷெல்லையும் திறப்பதால், ஓரிடத்தில் பலிக்கும் அமைப்பு மற்றோரிடத்தில் பலிக்காமல் போகிறது. எனவே பாஷ் பயன்படுத்துவோர் சூழல் மாறிகளை ‘.புரொஃபைல்’ கோப்பிலும் மாற்றுப்பெயர்களை ‘.பாஷ்ஆர்சி’யிலும் எழுதி, பாஷில் முன்னது பின்னதைப் படிக்குமாறு ஒரு வரி சேர்த்துக்கொள்வதே தக்க வழி.