ஒரு சட்டத்தின் கடற்பயணம்: ராயபுரமும் சில தீவுகளும்

சங்க மரபில் பரத்தை மருத நிலத்துக்கு உரியவள். வயலும் பொய்கையும் சூழ்ந்த ஊர்களில்தான் பரத்தையிற் பிரிவும் தலைவியின் ஊடலும் பாடப்பட்டன. நெய்தலுக்கு வகுக்கப்பட்ட உரிப்பொருள் இரங்கல். இலக்கியம் இவ்வாறு வகுத்திருக்க, காலனியச் சட்டமோ அவளைத் தேடிப் படைமுகாம்களுக்கும் கடற்கரைக்கும்தான் வந்தது. துறைமுகம் துறைமுகமாகப் பரவிய அச்சட்டத்தின் பாதையை, நமக்கு அருகிலுள்ள ராயபுரத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

1856-இல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதற்குத் தெற்கே, கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் சுமந்துவந்த கரையில், 1861-இல் இரும்புத் தோணித்துறை எழுந்தது. பின்னர் செயற்கைத் துறைமுகமும், இருபதாம் நூற்றாண்டில் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீண்ட தொழிற்சாலைகளும் வந்தன. குடும்பத்தைத் தொலைவில் விட்டுவந்த ஆண்கள் பெருந்திரளாகக் கூடுமிடத்தில் உடலை விற்கும் தொழிலும் வந்து சேரும். உலகத் துறைமுகங்கள் அனைத்துக்கும் இது பொது. இதை வடசென்னையின் தனிக்குணம்போலப் பேசுவது நம்மிடையே உள்ள பழைய பிழை.

சட்டத்தின் தாய்வீடு பிரிட்டன் என்னும் தீவு. கடற்படையினரும் தரைப்படையினரும் பால்வினை நோய்களால் பெருமளவில் முடங்கியதைக் கண்ட அரசு, 1864-இல் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றி, குறிப்பிட்ட துறைமுகங்களிலும் படைநகரங்களிலும் நடைமுறைப்படுத்தியது. ஆனால் ஹாங்காங் தீவில் 1857-இலேயே இத்தகைய ஆணை பிறந்துவிட்டது. இலங்கையில் 1867, இந்தியாவில் 1868, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1870 என அது அடுத்தடுத்து ஊன்றப்பட்டது. நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். பெண் தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். குறித்த நாளில் மருத்துவச் சோதனைக்கு உடன்பட வேண்டும். நோய் இருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’ எனப்பட்ட இடத்தில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். அவளிடம் வந்த மாலுமிக்கோ இப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. நோயைத் தடுக்க வந்த சட்டம், நோயைப் பரப்பும் இருவரில் ஒருவரை மட்டுமே பிடித்தது.

ஜோசபின் பட்லர் முதலியோரின் நெடிய போராட்டத்தால் 1886-இல் பிரிட்டனிலும், 1888-இல் இந்தியாவிலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போனது, அதன் மனப்பான்மை போகவில்லை. பின்னாளில் ஒவ்வொரு தீவும் அதனோடு வெவ்வேறு விதமாக உறவாடியது.

பாக் நீரிணைக்கு அப்பால் உள்ள இலங்கையில், உடலுறவை விற்பது குற்றம் என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இல்லை. ஆயினும் 1841-ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டமும் 1889-ஆம் ஆண்டின் விபச்சார விடுதிகள் கட்டளைச் சட்டமும், விடுதலைக்குப் பின்னரும் தெருவில் நிற்கும் பெண்ணைக் கைதுசெய்யக் காவலர்க்குப் போதுமானவையாக இருந்தன. சிங்கப்பூரின் நிலை வேறு. 1961-இன் மகளிர் சாசனப்படி விடுதி நடத்துவது குற்றம். எனினும் கேலாங் பகுதியில் சில விடுதிகள் காவல்துறையின் கண்பார்வையில் இயங்கிவந்தன. அங்குள்ள பெண்கள் மருத்துவச் சோதனைக்கும் உட்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிவேடு ஏட்டுச் சட்டத்திலிருந்து மறைந்து, நடைமுறையில் உயிர் வாழ்கிறது என்றே இதைக் கொள்ளத் தோன்றுகிறது.

குளிர்நாட்டுத் தீவுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிரான வழிகளில் சென்றன. ஐஸ்லாந்து 2009-இல் விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரைக் குற்றவாளியாக்கியது. வாங்குபவன் அஞ்சினால் தொழில் மேலும் இருளுக்குள் போகும் என்பது இவ்வழியை மறுப்போர் வாதம். நியூஸிலாந்து 2003-இல் இத்தொழிலையே குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. நாடாளுமன்றத்தில் அது 60-க்கு 59 என்ற ஒற்றை வாக்கு வேறுபாட்டில்தான் நிறைவேறியது. 2014-இல் பாலியல் தொழிலாளி ஒருவர், விடுதி நடத்தியவர் தமக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று முறையிட, மனித உரிமைத் தீர்ப்பாயம் அவருக்கு 25,000 டாலர் இழப்பீடு வழங்கியது. ஆனால் தற்காலிக விசாவில் வந்த பெண்ணுக்கு அங்கும் இத்தொழில் செய்ய உரிமையில்லை. தீவின் கருணை அதன் கரையோடு நின்றுவிடுகிறது.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். சென்னை மாகாணத்தில் 1930-இல் ஒழுக்கக்கேடான வாணிபத் தடுப்புச் சட்டம் வந்தது. 1956-இன் நடுவண் சட்டம், 1986-இல் திருத்தப்பட்டு இன்றைய வடிவம் பெற்றது. இதன்படியும் தொழில் செய்வது தன்னளவில் குற்றமன்று. விடுதி நடத்துவதும் பொது இடத்தில் அழைப்பதும் குற்றம். அழைத்தவர் பெண்ணானால் முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரை. வழிபாட்டிடம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்தாலும் தண்டனை உண்டு. தேவாலயமும் கோயிலும் பார்சிகளின் அக்கினி ஆலயமும் மகப்பேறு மருத்துவமனையும் நெருங்கி நிற்கும் ராயபுரத்தில் இந்த வட்டங்களை வரைந்து பார்த்தால், வட்டத்துக்கு வெளியே எஞ்சும் நிலம் எவ்வளவு?

அதே 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். அந்த ரத்த மாதிரிகள் பெரிதும் மயிலாப்பூர்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் எடுக்கப்பட்டவை. மருத்துவ வரலாற்றில் அது பெரும் சாதனை, ஐயமில்லை. ஆனால் தண்டனைக் காலம் முடிந்தும் தொற்றைக் காரணம் காட்டிப் பெண்கள் தொடர்ந்து அடைத்துவைக்கப்பட்டனர். அவர்கள் வெளிவர நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. லாக் ஆஸ்பத்திரி மூடப்பட்டு ஏறத்தாழ நூறாண்டுகள் ஆகியிருந்தன. பூட்டு மட்டும் மாறவில்லை.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்து விருப்பத்தோடு இத்தொழிலில் இருப்பவரைக் கைதுசெய்து துன்புறுத்தக் கூடாது என்றும், வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு ஏனைய பெண்களுக்குரிய மருத்துவ, சட்ட உதவிகள் கிடைக்க வேண்டும் என்றும் வழிகாட்டியது. காவல்துறையின் நடத்தை பற்றி அது கூறிய கடுமையான சொற்கள் நம்மையும் நோக்கியவை.

இத்தொழில் நல்லதா தீயதா என்ற வழக்கை நாம் இங்கே தீர்க்கப் போவதில்லை. வறுமையும் ஏமாற்றும் எத்தனையோ பெண்களை இதற்குள் தள்ளியிருப்பதையும், ஆள்கடத்தலைச் சட்டம் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்பதையும் மறுப்போர் இல்லை. ஆனால் இத்தனை தீவுகளைச் சுற்றிவந்த பிறகு, ஒரு சட்டத்தை எடைபோட எளிய அளவுகோல் ஒன்று நம் கையில் மிஞ்சுகிறது. அடிபட்டு, கூலி மறுக்கப்பட்டு நள்ளிரவில் தெருவில் நிற்கும் பெண், அருகிலிருக்கும் காவல் நிலையத்துக்குள் தானே நடந்து போவாளா? அதைக் கண்டு எதிர்த்திசையில் ஓடுவாளா? 2014-இல் நியூஸிலாந்தில் ஒருத்தி நடந்து போனாள். ராயபுரத்துப் பெண்ணும் அப்படி நடந்து போகும் நாளில்தான், 1868-இன் சட்டம் உண்மையில் நீக்கப்பட்டதாக நாம் சொல்ல முடியும்.