பார்வையாளர் பங்காளியான கதை

கதை சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர் என்ற பிரிவு ஏட்டிலும் திரையிலும் நெடுங்காலம் நிலைத்து வந்துள்ளது. கேட்பவரும் கதையின் போக்கைத் தீர்மானிக்கலாமா? கணினி படைக்கும் மெய்நிகர் உலகம் இக்கேள்விக்கு "ஆம்" என்று விடையளிப்பதாகப் பலர் கருதுகின்றனர். அவ்விடை எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறிய, அதன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம்.

1967ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கிய மண்டபத்தில் 'கினோ ஓட்டோமாட்' என்னும் திரைப்படம் காண்பிக்கப்பட்டது. இதன் சூத்திரதாரி ராடூஸ் சின்செரா. 127 இருக்கைகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சைப் பொத்தான்கள். முக்கிய கட்டங்களில் படம் நிறுத்தப்படும். குளியல் துவாயுடன் தன் வீட்டுக்கு வெளியே அகப்பட்டு நிற்கும் அயல்வீட்டுப் பெண்ணைக் கதாநாயகன் உள்ளே அழைக்கலாமா என்று சபையோரிடம் கேட்கப்படும். பெரும்பான்மை வாக்கின்படி படம் தொடரும். ஆனால், எதைத் தெரிவு செய்தாலும் கதை மீண்டும் ஒரே சந்திக்கு வந்து சேரும்படியே அமைந்திருந்தது. கட்டடம் தீப்பற்றி எரிவது ஆரம்பத்திலேயே காட்டப்பட்டுவிடும். எந்த வாக்கும் அத்தீயைத் தடுக்கவில்லை. வாக்காளரின் அதிகாரம் பற்றிய கசப்பான நகைச்சுவை அது எனலாம்.

மறு ஆண்டு, 1968இல், அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லாண்ட் தலையில் அணியும் காட்சிக் கருவியொன்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். கூரையோடு பிணைத்த தண்டு தலையின் அசைவை அளக்க, அதற்கேற்பக் கணினி கோட்டுருவங்களை மாற்றி வரைந்தது. இங்கு பொத்தானுக்கு வேலையில்லை. தலையைத் திருப்புவதே தெரிவு ஆகிவிட்டது.

இக்கருவி மரபைக் கலையாக்கியோருள் மூன்று பெண்களைக் குறிப்பிட விரும்புகிறேன். 1993இல் கனடாவின் பான்ஃப் கலை நிலையத்தில் பிரெண்டா லோரலும் ரேச்சல் ஸ்ட்ரிக்லண்டும் 'பிளேஸ்ஹோல்டர்' என்ற படைப்பை உருவாக்கினர். இருவர் ஒரே வேளையில் அவ்வுலகினுள் நுழைந்து சிலந்தி, பாம்பு, மீன், காகம் ஆகிய வடிவங்களை எடுக்கலாம். காகமானவர் பறக்கலாம். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று நாம் கதைகளில் கேட்டதற்கு நெருங்கிய அனுபவம் அது. நுழைந்தவர் தம் குரலை அங்கே பதிந்துவிட்டுச் செல்ல, பின்வருபவர் அதைக் கேட்கலாம். 1995இல் சார் டேவிஸ் படைத்த 'ஒஸ்மோஸ்' மூச்சால் இயங்கியது. மூச்சை உள்ளிழுத்தால் மேலெழலாம், வெளிவிட்டால் கீழிறங்கலாம். டேவிஸ் நீரில் மூழ்கிப் பழகியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

2017இல் மெக்சிக்க இயக்குனர் அலெஹாந்த்ரோ இன்யாரிட்டுவின் 'கார்னே இ அரேனா' கான் விழாவில் இடம்பெற்றது. அதே ஆண்டு சிறப்பு ஒஸ்கார் விருதும் பெற்றது. பார்வையாளர் தனியே, வெறுங்காலுடன் மணலில் நிற்கிறார். அமெரிக்க எல்லையைக் கடக்க முயலும் மக்களும், துப்பாக்கி நீட்டும் காவலரும் அவரைச் சூழ்கின்றனர். அவர் அங்குமிங்கும் நடக்கலாம். கைதாவோரைக் காப்பாற்ற மட்டும் இயலாது.

மொன்றியல் சபையோரிடம் பொத்தான் இருந்தது. கதையின் முடிவு அவர்கள் கையில் இருக்கவில்லை. இன்யாரிட்டுவின் மணலில் நிற்பவர் சாட்சியாகிறார். அதுவும் பெரிய காரியமே. ஆயினும், பங்காளி என்ற சொல்லுக்கு முழுப் பொருளைத் தந்தது 'பிளேஸ்ஹோல்டர்'தான் என்பது என் கருத்து. அங்கே ஒருவர் விட்டுச் சென்ற குரல் அடுத்தவரின் கதையில் ஒரு பகுதியாயிற்று.

கருவிகள் இன்னும் இலகுவாகும், காட்சிகள் இன்னும் துல்லியமாகும். அவற்றை அணிந்து கழற்றும் ஒவ்வொருவரும் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: நான் வந்துபோனதால் இக்கதையில் எது மாறியது?