ஐம்பது விநாடி

மும்பை காலா கோடா பக்கம் போகும்போதெல்லாம் பழைய வாட்சன் ஹோட்டல் கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பேன். 1896 ஜூலை 7-ல் லூமியேர் சகோதரர்களின் படங்களை இந்தியாவில் முதன்முதலாகக் காட்டியது அங்கேதான்.

ஒரு சுருள் சுமார் 17 மீட்டர். கையால் சுற்றினால் ஐம்பது விநாடியில் தீர்ந்துவிடும். அதனால் இடத்தை முதலிலேயே பார்த்து, முக்காலியை நிறுத்தி, கேமராவை அசைக்காமல் எடுத்தார்கள். அவர்களுடைய ரயில் படத்தில் ரயில்தான் நம்மை நோக்கி வரும். இறங்குகிறவர்களின் முகம்கூட இன்றும் தெரிகிறது!

நம்ம கதை? இரண்டு வருஷம் முன்பு அம்மா கைமுறுக்கு சுற்றியதை போனில் பதினோரு நிமிஷம் எடுத்தேன். ஜூம் பண்ணி, அடுப்பு, ஜன்னல், பூனை என்று அலைந்ததில், விரல்கள் மட்டும் சரியாக விழவில்லை. இப்போது அம்மாவுக்குக் கை நடுக்கம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன். போனை அரிசி டின் மேல் சாத்தி வைத்துவிட்டு, ஒரே ஒரு முறுக்கு சுற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.