பற்புழுவிலிருந்து நுண்ணுயிர் வரை

பல்லைப் புழு அரிப்பதாலேயே சொத்தை உண்டாகிறது என்ற நம்பிக்கை பண்டைய மெசொப்பொத்தேமியா முதல் ஐரோப்பா வரை நெடுங்காலம் நிலைத்திருந்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், 1683ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், நாள்தோறும் காலையில் உப்பால் பல் தேய்த்து, கடைவாய்ப் பற்களைக் குச்சியால் குத்தி, துணியால் துடைத்த பின்னும் பல்லிடுக்கில் மாவு போன்ற வெண்பொருள் எஞ்சியதாகவும், அதை மழைநீரில் கலந்து தாமே தேய்த்த வில்லை வழியே நோக்கியபோது நுண்ணுயிர்கள் துள்ளித் திரிந்ததாகவும் குறிப்பிட்டார். புளித்த காடியால் வாய் கொப்பளித்தும் அவை முற்றிலும் மடியவில்லை. அந்த வெண்பொருளின் உள்ளே காடி ஊடுருவவில்லை என்று அவர் ஊகித்தது வியக்கத்தக்க நுட்பம். எனினும் அவற்றைச் சொத்தையோடு அவர் இணைக்கவில்லை.

1728இல் பிரெஞ்சுப் பல் மருத்துவர் ஃபோஷார் புழுக்கொள்கையை மறுத்தார். ஆயினும் உண்மைக் காரணம் விளங்க மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான மில்லர், பிடுங்கிய பற்களை உமிழ்நீரும் ரொட்டியும் கலந்த கலவையில் இட்டு வைத்தபோது, மாவுச்சத்தை நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து உண்டாக்கிய அமிலம் எனாமல் எனப்படும் பல்லின் மேற்பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்ததைக் கண்டு, 1890இல் நூலாக வெளியிட்டார். நுண்ணுயிர்கள் மடியும்படி உமிழ்நீரைக் கொதிக்க வைத்துச் சேர்த்தபோது அக்கரைவு நிகழவில்லை.